உப்பு, தண்ணீர், சிவப்பணு: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

இரத்த வங்கி ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். சவ்வூடு பரவல், அதாவது மெல்லிய சவ்வைத் தாண்டித் தண்ணீர் போவது, இரத்தச் சிவப்பணுவை என்ன செய்கிறது என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

கேள்வி (பிளஸ் ஒன் மாணவி): சார், வெறும் தண்ணீரில் சிவப்பணு வெடிக்கிறது. வெங்காயத் தோல் செல் ஏன் வெடிப்பதில்லை?

பதில்: கரைபொருள் அதிகமுள்ள பக்கத்துக்குத் தண்ணீர் போகும். வெங்காயச் செல்லுக்குச் சுவர் உண்டு, தாங்கிக்கொள்ளும். சிவப்பணுவுக்கு இருப்பது மெல்லிய சவ்வு மட்டும். நடுவில் குழிந்த வட்டு முதலில் உப்பிப் பந்தாகும். அதற்கு மேல் சவ்வு அவ்வளவாக இழுபடாது. கிழிந்து ஹீமோகுளோபின் வெளியே வந்துவிடும். சோதனைக் குழாயில் கலங்கலாக இருந்த இரத்தம் தெளிந்த சிவப்பாகும். பின்னால் செய்தித்தாளைப் பிடித்தால் எழுத்தைப் படிக்கலாம். ஒரு முறை பார்த்துவிட்டால் மறக்காது.

கேள்வி (செவிலியர் மாணவி): சலைன் ஏன் சரியாக 0.9 சதவீதம்? கொஞ்சம் குறைந்தால் ஆபத்தா?

பதில்: லிட்டருக்கு 9 கிராம் உப்பு, அதாவது 154 மில்லிமோல். சோடியம், குளோரைடு என்று இரண்டாகப் பிரிவதால் கரைந்த துகள்களின் கணக்கு 308. இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவில் இதே கணக்கு சுமார் 290. கிட்டத்தட்டச் சமம். 0.8 ஆனாலும் அணு உடையாது, கொஞ்சம் உப்பும். சுமார் 0.5 சதவீதத்துக்கு வரும்போதுதான் உடையத் தொடங்கும்; 0.3 அருகில் ஏறக்குறைய எல்லாமே போய்விடும்.

கேள்வி (பி.எஸ்சி. மாணவர்): 0.3 மோலார் யூரியாவும் இரத்தத்துக்குச் சமமான செறிவுதானே? செய்முறை வகுப்பில் அணுக்கள் உடைந்துவிட்டன. நான் தப்பாக அளந்துவிட்டேனா அண்ணா?

பதில்: இல்லை தம்பி, சரியாகத்தான் அளந்திருக்கிறீர்கள். எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. எவ்வளவு கரைந்திருக்கிறது என்பது பாதிதான். கரைந்தது உள்ளே நுழையுமா என்பது மீதிப் பாதி. உப்பிலுள்ள சோடியம் லேசாக உள்ளே கசிந்தாலும் சவ்வில் இருக்கும் பம்ப் வெளியே தள்ளிவிடும், அதனால் அது வெளியே இருந்தபடி தண்ணீரைப் பிடித்து வைக்கும். யூரியாவோ விறுவிறுவென்று உள்ளே போகும். உள்ளே இருக்கும் ஹீமோகுளோபினால் வெளியேற முடியாது. ஆக உள்ளே கரைபொருள் கூடிக்கொண்டே போகிறது, தண்ணீரும் பின்னாலேயே வருகிறது. முடிவில் வெறும் தண்ணீரில் போட்ட கதைதான்.

தண்ணீருக்கு அக்வாபோரின் என்ற தனி வாசல் உண்டு. அதைச் சிவப்பணுவில் கண்டறிந்த பீட்டர் ஆக்ரேவுக்கு 2003இல் நோபல் கிடைத்தது. யூரியாவுக்கும் தனி வாசலாக ஒரு புரதம் இருக்கிறது. எங்கள் வேலையில் கிட் இரத்த வகை (ஏ, பி, ஓ போல இன்னொரு வகைப்பாடு) என்கிறோமே, அந்த அடையாளம் இருப்பது அந்தப் புரதத்தின் மேல்தான். மிகச் சிலருக்கு அந்தப் புரதமே கிடையாது. 2 மோலார் யூரியாவில் மற்றவர்களின் அணுக்கள் சீக்கிரம் உடைய, இவர்களுடையது நெடுநேரம் தாக்குப்பிடிக்கும். இந்த அரிய கொடையாளர்களைத் தேட இதையே சோதனையாக வைத்திருக்கிறார்கள்.

கேள்வி (இல்லத்தரசி): இரத்தம் ஏற்றும்போது குளுக்கோஸை நிறுத்தினார்கள். ஏன்?

பதில்: அதே குழாயில் 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்தான்) சேர்ந்தால் அணுக்கள் ஒட்டிக்கொள்ளும், குளுக்கோஸ் உள்ளே நுழைவதால் உப்பி உடையவும் செய்யும். இரத்தத்துடன் நார்மல் சலைன்தான் போக வேண்டும். நிறுத்தியது சரி அம்மா.

கேள்வி (ஒரு தகப்பனார்): மகளின் இரத்தத்தை உப்புநீரில் போட்டுப் பார்க்க வேண்டும் என்கிறார் டாக்டர். எதற்கு?

பதில்: பிறவியிலேயே அணுக்கள் பந்து வடிவில் இருக்கின்றனவா என்று பார்க்க. பந்துக்கு உப்ப இடமில்லை, அதனால் மற்ற அணுக்கள் தாங்கும் உப்பளவிலேயே உடைந்துவிடும். தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயில் இதற்கு நேர்மாறு. கொஞ்சம் இரத்தம் எடுப்பார்கள், அவ்வளவுதான். சோதனையெல்லாம் குழாயில்தான், குழந்தைக்குள் எதுவும் ஏற்ற மாட்டார்கள். சமீபத்தில் இரத்தம் ஏற்றியிருந்தால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கொடையாளரின் அணுக்கள் கலந்திருந்தால் முடிவு குழம்பும்.