கையடக்க விளையாட்டுக் கன்சோலில் இடது குச்சி (ஜாய்ஸ்டிக்) தானாக நகர்கிறதா?
அமைப்புகளில் டெட்ஸோன் (நடுப்புள்ளியைச் சுற்றி, குச்சியின் சிறு அசைவைக் கண்டுகொள்ளாத பகுதி) அளவைச் சற்றே கூட்டுங்கள். கை வைக்காமலே திரையில் ஆட்டப் பாத்திரம் இடப்பக்கம் நடப்பது பெரும்பாலும் நின்றுவிடும். மதுரை டவுன்ஹால் ரோட்டுக் கடையில் புதிய கன்சோலே வாங்கச் சொன்னார்களென்றால், அவசரம் வேண்டாம்.

மலிவான ஆண்ட்ராய்டு கன்சோல்களில் குச்சிக்கு அடியில் ஒரு சிறு உலோக முள் கரித்தடத்தை உரசியபடி நகரும். தடம் தேய்ந்தாலோ தூசி படிந்தாலோ நடுப்புள்ளி பிசகும். மதுரைக் கோடைத் தூசியைக் கேட்கவே வேண்டாம்: என்னுடையதைத் திறந்தபோது குச்சியின் கழுத்தில் திருநீறு போல அப்பியிருந்தது.

அமைப்புகளில் குச்சியின் நிலையைப் புள்ளியாகக் காட்டும் அளவீட்டுத் திரையைத் திறந்து, குச்சியை நன்றாகச் சுழற்றிவிட்டுக் கையை எடுங்கள். புள்ளி விலகி, ஆனால் அசையாமல் நின்றால் மறு அளவீடு போதும். துள்ளினால் தேய்மானம்தான், காந்தத்தால் இயங்கும் ஹால் சென்சார் குச்சி மாற்றலாம். புதுமையல்ல, 1998-இல் வந்த சேகா நிறுவனத்தின் டிரீம்காஸ்ட் கன்சோலிலேயே இருந்தது.

மாற்றும்முன் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள். நாடாக் கேபிள் சுலபமாகக் கிழியும்.