நாடாளுமன்ற விவாதத்தைப் பார்த்து மகளின் காப்புறுதியை மாற்றலாமா?

கேள்வி: நாங்கள் சிங்கப்பூரின் யீஷூனில் வசிக்கும் குடிமக்கள், எங்கள் மகளுக்கு மூன்று வயது. சுகாதார அமைச்சின் நிதி ஒதுக்கீட்டைக் குறைக்குமாறு நாடாளுமன்ற உறுப்பினர்கள் தீர்மானம் கொண்டுவந்ததாகப் படித்தேன். அமெரிக்காவில் இருக்கும் என் அக்கா, 2017இல் பிள்ளைகளின் அரசாங்கக் காப்புறுதி நின்றுவிடுமோ என்று பதறியதும் நினைவுக்கு வருகிறது. இப்போதே தனியார் திட்டம் ஒன்றை எடுத்து, அரசாங்கத்திடமிருந்து லைஃப்எஸ்ஜி செயலிவழி மகளுக்குக் கிடைத்த 500 வெள்ளி உதவித்தொகையை வைத்துச் சமாளிக்கலாமா?

பதில்: நீங்கள் படித்த தீர்மானம் உங்களை அச்சுறுத்த வேண்டியதில்லை. வரவுசெலவுத் திட்ட விவாதத்தின்போது, ஓர் அமைச்சின் செயல்பாட்டைப் பற்றிப் பேச விரும்பும் உறுப்பினர், அதன் ஒதுக்கீட்டில் 100 வெள்ளியைக் குறைக்கக் கோருவது நம் நாடாளுமன்ற மரபு. அமைச்சர் பதிலளித்த பிறகு அத்தீர்மானம் வழக்கமாக மீட்டுக்கொள்ளப்படும். சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சின் உதவித் திட்டங்கள் பற்றிய விவாதமும் இப்படித்தான் நடக்கிறது.

உங்கள் அக்காவின் கவலைக்குக் காரணம் இருந்தது. 1997இல் தொடங்கப்பட்ட அந்தக் குழந்தைகள் காப்புறுதித் திட்டத்துக்கு அமெரிக்க நாடாளுமன்றம் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டுமே நிதி ஒதுக்கும். 2017 செப்டம்பர் 30ஆம் தேதி முடிந்த ஒதுக்கீடு, 2018 ஜனவரி 22ஆம் தேதிதான் நீட்டிக்கப்பட்டது. நம் குடிமக்கள் எல்லாருக்குமான அடிப்படை மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப் அப்படிப்பட்டதன்று. 2015இல் தனிச் சட்டத்தின்கீழ் தொடங்கிய அத்திட்டம், சந்தாதாரர்களின் கட்டணத்தை அடிப்படையாகக் கொண்டு நடப்பது. பிறவிக் குறைபாடுகளையும் அது உள்ளடக்கும்.

நீங்கள் உண்மையில் கணக்குப் பார்க்க வேண்டிய இடம் மகளின் மெடிசேவ் கணக்கு, அதாவது மருத்துவச் செலவுக்கான சேமிப்புக் கணக்கு. பிறந்தபோது அதில் 4,000 வெள்ளி மானியம் சேர்ந்திருக்கும். அவள் வயதுக்கு மெடிஷீல்டு லைஃப் சந்தா, மானியக் கழிவுக்கு முன், ஆண்டுக்கு 200 வெள்ளி. ஆகவே சந்தா உயராதவரை, வட்டியைச் சேர்க்காமலே அத்தொகை 20 ஆண்டுகளுக்குத் தாங்கும். மெடிஷீல்டு லைஃபுடன் ஒருங்கிணைந்த தனியார் திட்டத்தின் கூடுதல் சந்தாவுக்கு ஆண்டுக்கு 300 வெள்ளிவரை மெடிசேவிலிருந்து எடுக்கலாம் என்பது உண்மைதான், ஆனால் அந்த 200 வெள்ளியோடு இந்த முழு வரம்பையும் மகளின் கணக்கிலிருந்தே எடுத்தால் அதே 4,000 வெள்ளி எட்டே ஆண்டுகளில் கரைந்துவிடும். அதற்குமேல் எடுக்கும் துணைக் காப்புறுதிக்கு ரொக்கமாகத்தான் கட்ட வேண்டும். முகவர்கள் இதை மெல்லிய குரலில்தான் சொல்வார்கள்.

லைஃப்எஸ்ஜி தொகை 2025ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்ட ஒருமுறை உதவி. ஆண்டுதோறும் வரும் செலவை அதன்மேல் ஏற்றாதீர்கள். மளிகைக்கும் பால்மாவுக்கும் செலவழித்து விடுங்கள்.

தனியார் திட்டம் எடுக்க ஒரு நியாயமான காரணம் உண்டு: மகள் ஆரோக்கியமாக இருக்கும்போது விண்ணப்பித்தால், பின்னாளில் வரும் நோயைக் காட்டிக் அதற்குக் காப்பு இல்லையென்று காப்புறுதி நிறுவனம் சொல்ல இடமிராது. அரசாங்க மருத்துவமனையில் மானியம் பெறும் ‘பி2’ அல்லது ‘சி’ வகுப்பு வார்டு உங்களுக்குப் போதும் என்றால், இப்போதுள்ள காப்புறுதியே போதும். உயர் வகுப்பு வார்டுதான் வேண்டுமென்றால், கூடுதல் சந்தாவை உங்கள் மெடிசேவ் கணக்கிலிருந்து கட்டி, மகளின் கணக்கைத் தொடாமல் விடுங்கள்.