ஷெஃபீல்டா, பிரிஸ்டலா? சம்பளம் ஒன்றுதான், வாடகைதான் வேறு

மதுரையிலிருந்து ஒரு நர்ஸ் கேட்டிருக்கிறார்: “இங்கிலாந்தில் ஷெஃபீல்ட், பிரிஸ்டல் இரண்டு ஊரிலும் என்.எச்.எஸ். (அரசு மருத்துவச் சேவை) வேலை கிடைத்திருக்கிறது, இரண்டும் பேண்ட் 5 என்ற ஒரே சம்பள நிலை. கணவர் அக்கவுன்டன்ட், பையனுக்கு ஏழு வயது. இப்போதைக்குக் கார் வாங்கும் எண்ணம் இல்லை. ‘வாழச் சிறந்த நகரங்கள்’ என்று வரும் பட்டியல்களில் இரண்டுமே இருக்கின்றன. எதற்குப் போகலாம்?”

அந்தப் பட்டியல்களை முதலில் மூடி வையுங்கள். காபிக் கடையையும் ஆற்றங்கரையையும் எண்ணி மதிப்பெண் போடுகிறவர்கள், ஞாயிறு காலை ஏழரை மணி ஷிஃப்டுக்கு நேரத்தில் போய்ச் சேர பஸ் உண்டா என்று பார்ப்பதில்லை. உங்களுக்கு அதுதான் கேள்வி.

பணக் கணக்கு சுலபம். இங்கிலாந்தில் பேண்ட் 5 சம்பளம் எல்லா ஊரிலும் ஒன்றே. லண்டனுக்கும் அதன் சுற்றுப்புறத்துக்கும் மட்டும் கூடுதல் படி. பிரிஸ்டலுக்கு அந்தப் படி கிடையாது, ஆனால் அங்கே வாடகை ஷெஃபீல்டைவிட நன்றாகவே அதிகம். அதாவது, அதே வார்டில் அதே வேலையைப் பார்த்து மாசக் கடைசியில் கையில் குறைவாக நிற்கும். உங்கள் விசாவில் அரசு உதவித்தொகை எதையும் கேட்க முடியாது என்பதால் இந்த வித்தியாசத்தை வேறு எங்கிருந்தும் ஈடுகட்ட முடியாது. ஒரு ஆறுதல், சென்னை மாதிரி பத்து மாத அட்வான்ஸ் இல்லை. சாதாரண வாடகை வீட்டுக்கு அதிகபட்சம் ஐந்து வார வாடகைதான் வாங்கலாம் என்று 2019 முதல் சட்டமே இருக்கிறது.

அடுத்தது பஸ். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 1986இல் லண்டனுக்கு வெளியே பஸ் போக்குவரத்தைத் தனியார் போட்டிக்குத் திறந்துவிட்டார்கள், அன்று முதல் கூட்டம் இருக்கிற வழித்தடத்தில் பஸ் மேல் பஸ், இல்லாத தடத்தில் சாயங்காலம் ஏழு மணிக்கே ஈயாடும். ஷெஃபீல்ட் இருக்கும் தெற்கு யார்க்‌ஷயரில் பஸ்களை மறுபடி அரசுக் கட்டுப்பாட்டில் கொண்டுவர 2025இல் முடிவெடுத்தார்கள், அதற்குக் கொஞ்ச காலம் பிடிக்கும். அங்கே 1994 முதல் டிராம் ஓடுகிறது, பிரிஸ்டலில் அது இல்லை. ஆனால் டிராம் இருக்கிறதே என்று உடனே சந்தோஷப்படாதீர்கள்: ஷெஃபீல்டில் உள்ள நார்தர்ன் ஜெனரல் ஆஸ்பத்திரி வாசலுக்கு அது போகாது. வேலை எந்த ஆஸ்பத்திரியில் என்று முதலில் கேட்டுக்கொண்டு, சாயங்காலம் எட்டு மணிக்கு ஷிஃப்ட் முடிந்து, குளிரில், பத்து நிமிடத்துக்கு மேல் நிற்காமல் வீடு திரும்பக்கூடிய தெருக்களை மட்டும் பாருங்கள். டிசம்பரில் நாலு மணி வாக்கிலேயே இருட்டத் தொடங்கிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் மேடு. வரைபடத்தில் ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்கு 600 மீட்டர் என்று காட்டும், அந்த 600 மீட்டரும் ஏற்றம் என்பதைக் காட்டாது. ஷெஃபீல்டின் பிளேக் தெருவில் நடப்பவர்கள் பிடித்து ஏறக் கம்பியே போட்டிருக்கிறார்கள், நம் மலைக்கோயில் படிக்கட்டு மாதிரி. அரிசி மூட்டையோடு ஒரு தடவை ஏறினால் தெரியும்! பிரிஸ்டலும் இந்த விஷயத்தில் சளைத்ததில்லை.

பையனின் பள்ளி: நீங்கள் கல்வியாண்டின் நடுவில் வந்து இறங்கினால், நல்ல பெயருள்ள பள்ளிகளில் பெரும்பாலும் இடம் நிரம்பியிருக்கும், எங்கே காலியோ அங்கேதான் கிடைக்கும். எனவே வீட்டைப் பிடித்துவிட்டுப் பள்ளி தேடாமல், அந்த வட்டாரத்தில் அவன் வகுப்பில் எங்கே இடம் இருக்கிறது என்று கவுன்சிலுக்கு (உள்ளூர் நிர்வாகம்) முதலில் ஒரு மின்னஞ்சல் போடுங்கள்.

கணவர் வேலைதான் எனக்குச் சிக்கலாகப் படுகிறது. அக்கவுன்டன்ட் வேலைக்குப் பிரிஸ்டல் கொஞ்சம் மேல். ஆனால் ஷெஃபீல்டிலிருந்து லீட்ஸ், மான்செஸ்டர் இரண்டுக்கும் ஒரு மணி நேரம் போலத்தான் ரயிலில், அங்கேயும் தேடலாம். அவருக்கு ஏற்கெனவே பிரிஸ்டலில் வேலை உறுதியாகியிருந்தால் மட்டும் நான் சொல்வதை மாற்றிக்கொள்வேன். இல்லையென்றால் ஷெஃபீல்ட். அந்த ஊரின் மூன்றில் ஒரு பங்கு பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது, லீவு நாளில் பையனோடு பஸ் ஏறினால் மலை. இதற்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

கார் இப்போதைக்கு வேண்டாம் என்பதும் சரியான முடிவே. இந்திய லைசென்ஸ் வைத்து 12 மாதம் ஓட்டலாம், அதற்குப் பிறகு இங்கே தேர்வு எழுதி, ஓட்டிக் காட்டித்தான் ஆக வேண்டும்.

வீட்டை வீடியோவில் காட்டும்போது ஏஜென்ட் சமையலறையையே சுற்றிச் சுற்றிக் காட்டுவார். நீங்கள் படுக்கையறை அலமாரியைக் கொஞ்சம் நகர்த்தச் சொல்லுங்கள். பழைய செங்கல் வீடுகளில் ஓதம் ஏறும், அலமாரிக்குப் பின்சுவரில் மிளகு தூவியதுபோலக் கரும்புள்ளி இருந்தால் அது பூஞ்சணம். புதிதாக வெள்ளை அடித்த சுவர் ஒன்று மட்டும் தனியாகப் பளிச்சென்று தெரிந்தாலும் ஏன் என்று கேளுங்கள்.