சிங்கப்பூரில் கடன், திவால் வழக்குகள் பார்க்கும் வழக்கறிஞரின் வேலை உண்மையில் எப்படி இருக்கும்?

சட்டம் படிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். எட்டு ஆண்டுகளாக இதைத்தான் செய்கிறேன் என்பதால் சொல்கிறேன். நீதிமன்றத்தில் நின்று வாதாடும் நேரம் குறைவு. வங்கிக் கணக்குகளை வரிவரியாகப் படிப்பதும், பயந்துபோய் வருகிறவர்களிடம் பேசுவதும்தான் அதிகம்.

செய்தியில் அடிபடுவது தண்ணீர் சுத்திகரிப்பு நிறுவனமான ஹைஃபிளக்ஸ் போன்ற பெரிய வழக்குகள். 2018இல் கடன் கொடுத்தவர்களிடமிருந்து நீதிமன்றப் பாதுகாப்புக் கேட்ட அந்த நிறுவனம் 2021இல் கலைக்கப்பட்டது. சுமார் 34,000 சிறு முதலீட்டாளர்களின் பணம் அதில் மாட்டிக்கொண்டது. என் மேசைக்கு வருபவர்கள் வேறு.

தேக்காவில் மொத்த வியாபாரம் செய்த ஒருவர் வந்தார். "பிரைவேட் லிமிடெட் கம்பெனிதானே தம்பி, என்னை ஒன்றும் செய்ய முடியாதே?" என்றார். வங்கிக் கடனுக்குத் தானே உத்தரவாதம் என்று கையெழுத்துப் போட்டிருந்தது அவருக்கு மறந்தே போயிருந்தது. கடனைக் கேட்டு வந்த சட்டபூர்வக் கோரிக்கைக் கடிதத்தைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டார். 15,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கடன் இருந்தாலே அப்படி ஒரு கடிதம் அனுப்பலாம். அதை ரத்து செய்யக் கேட்க 14 நாள், பணத்தைக் கட்ட 21 நாள். அவர் வந்தது 19ஆம் நாள்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. கம்பெனியை மூடுவதற்குச் சில மாதங்கள் முன்பு, கம்பெனிக் கணக்கிலிருந்து மச்சானின் 40,000 வெள்ளிக் கைமாற்றைத் திருப்பிக் கொடுத்திருந்தார். "நம்பிக் கொடுத்தவனுக்கு முதலில் கொடுப்பது தப்பா?" என்று கேட்டார். நம்மவர்களில் பலர் அப்படித்தான் வளர்ந்திருக்கிறோம். ஆனால் மூழ்கும் கம்பெனி ஒருவரை மட்டும் கரையேற்றினால் அந்தப் பணத்தைக் கலைப்பாளர், அதாவது கம்பெனியை மூடி இருப்பதைக் கடன் கொடுத்தவர்களுக்குப் பங்கிடுபவர், திரும்பக் கேட்கலாம். உறவினர் என்றால் 2 ஆண்டு, மற்றவர் என்றால் ஓர் ஆண்டு பின்னோக்கிப் பார்ப்பார்கள். கலைப்பாளர் தரப்பில் உட்கார்ந்து இதே மாதிரி வரிகளை நானும் தேடியிருக்கிறேன். சட்டத்தின் பக்கம்தான் நியாயம் என்று நினைக்கிறேன். அரிசி இறக்கிக் கொடுத்தவரும் அவரை நம்பித்தானே கொடுத்தார்? அவருக்கு மச்சான் முறை இல்லை, அவ்வளவுதான். இதை அவருக்குப் புரியவைக்க ஒரு மாலை முழுக்க ஆனது. அதுவும் இந்த வேலையில் சேர்ந்ததுதான்.

மச்சான் அந்த 40,000 வெள்ளியைக் கலைப்பாளரிடம் திருப்பிக் கொடுத்தார். உத்தரவாதக் கடனுக்காக வங்கி திவால் மனு போட்டது. கடன் 1,50,000 வெள்ளியைத் தாண்டவில்லை, அதற்குள் அவர் மாதச் சம்பள வேலைக்கும் போய்விட்டார். அதனால் கடன் திருப்பிச் செலுத்தும் திட்டத்துக்குள் அவரைக் கொண்டுவர முடிந்தது. 5 ஆண்டு வரை தவணை கட்டலாம், திவாலானவர் என்ற பெயர் வராது. அந்தப் பெயர் வந்திருந்தால் வெளிநாடு போவதற்குக்கூட முன்னனுமதி வாங்க வேண்டும்.

போன மாதம் அம்மாவின் திதிக்குத் தஞ்சாவூர் போகிறேன் என்று தொலைபேசியில் சொன்னார். தவணையைக் கட்டிவிட்டுத்தான் கிளம்புகிறாராம்.