சொல்லிச் செய்த பேஸ் நெக்கை விற்பது எப்படி? கேள்வி பதில்

பேஸ் கிதாருக்குத் தனியாகச் செய்த நெக்கை (விரலால் தந்தியை அழுத்தும் நீளமான கைப்பகுதி) விற்பது, வாங்குவது பற்றி வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை. கேட்டவர்களில் பெரும்பாலோர் வைத்திருப்பது அமெரிக்க கிதார் கம்பெனியான ஃபெண்டரின் பாணி, அதாவது நாலு ஸ்க்ரூவில் பாடியோடு மாட்டும் நெக். அதனால் அளவுகளும் அதை வைத்தே.

கோயம்புத்தூரிலிருந்து: அண்ணா, ஃபெண்டர் ஜாஸ் பேஸ் மாடலுக்கு மேப்பிள் மரத்தில் ஒரு நெக் செய்யச் சொல்லி 28,000 ரூபாய் கொடுத்தேன். பழைய நெக்கை மாட்டி பேஸை வித்துட்டேன். இது சும்மா கிடக்கு. என்ன விலை சொல்லலாம்?

தம்பி, 28,000-ஐ மறந்துடுங்க. உங்க கைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை அது. வாங்குறவர் ரெடிமேட் நெக் விலையைப் பக்கத்தில் வைத்துத்தான் பேரம் பேசுவார். வழக்கமான அளவில் செய்திருந்தால் பாதிக்கு மேலே எதிர்பார்க்கலாம். நட்டின் (தலைப்பக்கம் தந்திகள் பதியும் சின்னக் கட்டை) அகலத்தை 36 மி.மீ.க்குக் குறைத்து, பின்பக்கத்தை ஒரு பக்கம் மட்டும் சரித்து என்று உங்க இஷ்டத்துக்குச் செய்திருந்தால் பாதி கிடைப்பதே பெரிசு. செய்தவர் வாசிப்பவர்களுக்கிடையே தெரிந்த ஆள் என்றால் பெயரைத் தயங்காமல் போடுங்க, அதற்கென்று வாங்குறவங்க இருக்காங்க.

சென்னையிலிருந்து: "சூப்பர் கண்டிஷன், வெண்ணெய் மாதிரி நெக்" என்று விளம்பரம் போட்டேன். நிறைய பேர் விசாரிக்கிறார்கள், யாரும் வாங்கவில்லை. ஏன் சார்?

வாங்குறவருக்கு ஒரே கவலைதான்: என் பாடியில் உட்காருமா? அதற்கு உங்க விளம்பரத்தில் பதில் இல்லை. ஒரு வெர்னியர் காலிப்பரை எடுத்துக்கிட்டு உட்காருங்க.

முதலில் ஹீல், அதாவது பாடிக்குள் போகும் அடிப்பகுதி. அகலம், கனம் இரண்டும் வேண்டும். ஃபெண்டர் பேஸில் அகலம் 63.5 மி.மீ. சுற்றி இருக்கும். மலிவு பேஸ்களில் ஒன்றிரண்டு மி.மீ. மாறும், அந்த ஒரு மி.மீ.யில்தான் வியாபாரம் முறியும். அடுத்தது ஸ்கேல், அதாவது நட்டிலிருந்து பாடியில் தந்தியைத் தாங்கும் பிரிட்ஜ் வரை தந்தி அதிரும் நீளம். நட்டிலிருந்து 12-வது ஃப்ரெட் (குறுக்கே பதித்த உலோகக் கம்பி) வரை அளந்து இரண்டால் பெருக்குங்க. 34 அங்குல ஸ்கேல் என்றால் 12-வது ஃப்ரெட் வரை 431.8 மி.மீ. வரணும். அதோடு நட்டிலிருந்து ஹீல் முனை வரை மொத்த நீளமும் எழுதுங்க. இதை யாரும் எழுதுவதில்லை. செய்தவர் 22 ஃப்ரெட் வைக்கிறேன் என்று ஹீலையே நீட்டியிருந்தால், ஸ்கேல் சரியாக இருந்தும் பிரிட்ஜை நகர்த்தாமல் சுருதி சேராது. ஃப்ரெட் பதித்த மேல்பலகையான ஃப்ரெட்போர்டு மட்டும் பாடி மேல் நீட்டிக்கொண்டிருந்தால் பிரச்சினை இல்லை, பாடி மேல் இருக்கும் பிக்கார்டு தகடு இடிக்காமல் இருந்தால் சரி.

இவையும் எழுதுங்க: நட் அகலம், முதல் ஃப்ரெட்டிலும் 12-லும் கனம், ஃப்ரெட்போர்டு ரேடியஸ், அதாவது அதன் மேல்வளைவு (7.25, 9.5, 12 அங்குலம், எதுவோ அது), ட்யூனர் (தந்தியை முறுக்கும் திருகு) துளை விட்டம், ட்ரஸ் ராட் (நெக்கின் வளைவைச் சரிசெய்ய உள்ளே போடும் கம்பி) எந்த முனையில் திருகுவது, எடை. எடையை சமையலறைத் தராசில் போட்டாலே போதும். கனத்த நெக்கை லேசான பாடியில் மாட்டினால் கையை எடுத்ததும் தலை தரையைப் பார்க்கும். காலிப்பர் காட்டும் எண் தெரியும்படி ஹீலையும் நட்டையும் படம் எடுங்க. அந்த இரண்டு படம் இருந்தால் பாதிக் கேள்வி வராது. வெண்ணெய் வேண்டாம்.

திருச்சியிலிருந்து: நான் வாங்குற பக்கம். என்னிடம் இருப்பது ஃபெண்டரின் இன்னொரு மாடலான ப்ரிசிஷன் பேஸ். ஜாஸ் பேஸ் நெக் மாட்டலாமா?

தாராளமா. இரண்டுக்கும் ஹீல் அகலம் ஒன்றுதான், ஸ்கேலும் ஒன்றுதான். 1951-ல் வந்த ப்ரிசிஷனுக்கும் 1960-ல் வந்த ஜாஸுக்கும் கையில் தெரியும் வித்தியாசம் நட்டில்தான்: ஜாஸ் 38 மி.மீ., ப்ரிசிஷன் 41-42, பழைய ப்ரிசிஷன்கள் சில 44-ஐத் தாண்டும். சின்னக் கைக்காரர்கள் பலர் இப்படி மாற்றிக்கொள்கிறார்கள்.

பெங்களூரிலிருந்து: நெக்கின் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கில் ஃபெண்டர் ஸ்டிக்கர் ஒட்டினால் சீக்கிரம் போகும் என்கிறார் நண்பர்.

போகும், உங்க பெயரும் சேர்ந்து போகும். அது போலி விற்பனை. ஃபெண்டருக்கு பாடி வடிவங்களைப் பதிவு செய்ய அமெரிக்காவில் 2009-ல் அனுமதி கிடைக்கவில்லை. ஆனால் ஹெட்ஸ்டாக் வடிவமும் பெயரும் அவர்களுடையவை. வார்மத், ஆல்பார்ட்ஸ் போன்ற நிறுவனங்களே லைசென்ஸ் வாங்கித்தான் அந்த வடிவத்தில் நெக் செய்கின்றன. யார் செய்தது என்று உள்ளபடி எழுதுங்க.

மதுரையிலிருந்து: ஃப்ரெட்போர்டு ரோஸ்வுட். டொராண்டோவில் ஒருவர் கேட்கிறார். அனுப்பலாமா?

எந்த ரோஸ்வுட் என்பதைப் பொறுத்தது. 2017 ஜனவரியில், பிரேசில் வகை நீங்கலாக, அந்த மர இனம் முழுவதும் அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலுக்குள் (அனுமதி இருந்தால்தான் ஏற்றுமதி) வந்தது, கிதார் உலகமே அல்லாடியது. 2019 நவம்பரில் முழுமையாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கும் அவற்றின் பாகங்களுக்கும் விலக்கு கிடைத்தது. நம்ம ஊர் ரோஸ்வுட்டான ஈட்டி மரம் அந்த விலக்குக்குள் வரும். பிரேசில் ரோஸ்வுட் வராது, அது 1992-லிருந்தே இன்னும் கடுமையான முதல் பட்டியலில் இருக்கிறது. இந்தியாவிலிருந்து மரப்பொருள் ஏற்றுமதிக்கு இங்கே தனி விதிகளும் உண்டு. பணம் வாங்குவதற்கு முன் கூரியர்காரரிடமும் சுங்கத்திலும் கேட்டுவிடுங்க. மேப்பிள் ஃப்ரெட்போர்டு என்றால் இந்தத் தலைவலி இல்லை.

சேலத்திலிருந்து: ஹீலில் ஸ்க்ரூ துளை போட்டுக் கொடுத்தால் வாங்குபவருக்கு வசதிதானே?

வேண்டாம். துளையில்லாத ஹீல், அகலம் பொருந்தும் எந்தப் பாடிக்கும் போகும். ஃபெண்டரில் பாடிக்குப் பின்னால் ஸ்க்ரூ போகும் ப்ளேட்டில் துளைகளுக்கு நடுவே 38-க்கு 51 மி.மீ. என்று இருந்தாலும், அவரவர் பாடியில் வைத்துக் குறித்துத் துளைப்பதுதான் நேராக உட்காரும். ஏற்கெனவே துளை இருந்தால் இடைவெளியை எழுதுங்க. பொருந்தாதவர் கெட்டியான மரக்குச்சி அடித்து ஒட்டி, புதிதாகத் துளைத்துக்கொள்வார்.

தூத்துக்குடியிலிருந்து: நெக் நேராக இருக்கிறதா என்று கேட்கிறார்கள். கழற்றிய பிறகு எப்படிச் சொல்வது?

தந்தி இழுவை இல்லாமல் சரியாகச் சொல்ல முடியாது. கழற்றும் முன்னே பார்த்திருக்கணும்: முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் அழுத்திப் பிடித்தால், ஏழாவது எட்டாவது ஃப்ரெட் பக்கம் தந்திக்கு அடியில் 0.3 மி.மீ. போல இடைவெளி இருக்கணும். இப்போது செய்யக்கூடியது, ட்ரஸ் ராட் இரண்டு பக்கமும் இறுக்கமில்லாமல் திரும்புகிறதா என்று பார்த்து அதைச் சொல்வது. ராட் இறுகிக் கிடந்தால் மறைக்காதீங்க, பார்சல் திரும்பி வரும் செலவும் உங்க தலையில்தான்.

ஈரோட்டிலிருந்து: பார்சல்?

ட்யூனரைக் கழற்றித் தனிப்பையில் போடுங்க. நெக்கை பபிள் ஷீட்டில் சுற்றி, இரண்டு பக்கமும் ஹெட்ஸ்டாக்கைத் தாண்டும் நீளத்துக்கு ரீப்பர் கட்டை வைத்துக் கட்டி, அட்டைப்பெட்டியில் ஆடாமல் அடைக்கணும். உடைவதெல்லாம் பெரும்பாலும் நட்டுக்கு மேலே, ஹெட்ஸ்டாக் ஆரம்பிக்கும் இடத்தில்.

வேலூரிலிருந்து: ஐந்து தந்தி நெக்குக்கும் இதே அளவுதானா?

இல்லை. அங்கே கம்பெனிக்குக் கம்பெனி ஹீல் வேறு. எந்த பாடிக்காகச் செய்தது என்று மாடலோடு எழுதுங்க, அந்த மாடல் வைத்திருப்பவர் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.