காணியை இப்போது விற்க வேண்டாம்

அன்புள்ள அண்ணாவுக்கு,

தம்பலகாமத்தில் இருந்து எழுதுகிறேன். வயது 53. இருபது வருஷத்துக்கு மேல் நெல் ஆலையில் வேலை. மூன்று வருஷமாக இரண்டு காதுக்குள்ளும் சில்வண்டு கத்துவதுபோல இரைச்சல். மருந்து இல்லை, பழகிக்கொள்ளுங்கள் என்று டொக்டர் சொல்லிவிட்டார். லண்டனில் இருக்கும் மகன், நாக்கில் வைக்கும் புது மெஷின் ஒன்று வந்திருக்கிறது, ட்ரயலில் நிறையப் பேருக்குச் சுகமாம், வாங்கோ என்கிறான். வயல் காணியில் ஒரு துண்டை விற்றால் செலவுக்குக் காணும். போகலாமா?

*

அன்புள்ள தம்பி,

எனக்கும் பதினோரு வருஷமாக இந்த இரைச்சல் உண்டு. டச்சு பே கடற்கரையில் அலைச் சத்தத்தில் மறந்திருக்கும், வீட்டுக்கு வந்து படுத்தால் தொடங்கிவிடும். 2022இல் கரண்ட் மணிக்கணக்காகப் போன இரவுகளில் ஃபேன் நின்றதும் அது எழும்பி வந்ததை நினைத்தால் இப்போதும் நெஞ்சு அடைக்கிறது. அதனால் உங்கள் அவசரம் எனக்கு விளங்குகிறது.

முதல் வருஷம் யாரோ சொன்னார்கள் என்று ஜிங்கோ என்ற மூலிகை மாத்திரை வாங்கிப் போட்டேன். மூன்றாம் கிழமையே சத்தம் குறைந்தது. சந்தித்தவர்களுக்கெல்லாம் சொன்னேன். அப்புறம் அதே மாத்திரையைப் போட்டுக்கொண்டிருக்கும்போதே பழையபடி ஏறிவிட்டது. இந்த இரைச்சலுக்கு ஏற்றமும் இறக்கமும் உண்டு. தாங்க முடியாமல் ஏறி நிற்கும்போதுதான் நாம் மருந்து தேடிப் போகிறோம், அது தானாக இறங்கும்போது கையில் எந்த மருந்து இருக்கிறதோ அதற்குப் பெயர் போய்ச் சேருகிறது. பிரிட்டனில் 1121 பேரை வைத்து ஜிங்கோவை மருந்து இல்லாத வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்து 2001இல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டுக்கும் வேறுபாடு இல்லை.

இரத்தத்தில் சீனி பார்ப்பதுபோல இதை அளக்க வழியில்லை. எவ்வளவு தொந்தரவு என்று கேள்வித்தாளில் நாமே எழுதுவதுதான் அளவு. அதனால் எத்தனை பேருக்குக் குறைந்தது என்பதைவிட, எதோடு ஒப்பிட்டார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும். செவிப்பறை வழியாக ஊசியில் கொடுக்கும் ஓ.டி.ஓ. 313 என்ற மருந்து முதலில் சிறிய குழுவில் நல்ல பலன் காட்டியது. நானும் எதிர்பார்த்திருந்தேன். 2022இல் பெரிய குழுவில் பார்த்தபோது அதற்கும் மருந்து இல்லாத ஊசிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

மகன் சொல்வது லெனயர் என்ற மெஷினாக இருக்கும். காதில் சத்தம் கேட்கும்போதே நாக்கில் மெல்லிய மின்தூண்டல் கொடுப்பது. அயர்லாந்துக் கம்பனி ஒன்றினுடையது. அமெரிக்க மருந்து நிர்வாகம் 2023இல் அனுமதி கொடுத்தது. 2020இல் வெளியான ட்ரயலில் 326 பேர், ஆனால் வெற்றுச் சிகிச்சை பெற்ற குழு இல்லை. அடுத்து 112 பேரோடு ஒன்று செய்தார்கள். முதல் ஆறு கிழமை சத்தம் மட்டும், அடுத்த ஆறு கிழமை நாக்குத் தூண்டலும் சேர்த்து. நடுத்தர அளவுக்கு மேல் தொந்தரவு இருந்தவர்களில் முதல் கட்டத்தில் 100க்கு 43 பேர் அளவில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம், இரண்டாம் கட்டத்தில் 59 பேர் அளவில். அந்த 43ஐ நன்றாகப் பாருங்கள் தம்பி. நாக்கில் ஒன்றும் வைக்காமலே அவ்வளவு பேருக்குக் குறைந்திருக்கிறது. மெஷின் பொய் என்று நான் சொல்லவில்லை. பலன் உண்மை என்றே நினைக்கிறேன். ஆனால் அந்தப் பலன் தொந்தரவின் புள்ளி குறைவது, சில்வண்டு பறந்துபோவது அல்ல. அதற்குக் காணி கொடுக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

எனக்குக் கூடுதல் நம்பிக்கை மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சூசன் ஷோர் செய்யும் வேலையில். கழுத்து, தாடைப் பக்கத்தில் கொடுக்கும் தூண்டலைச் சத்தத்தோடு நேரம் பார்த்துச் சேர்ப்பது. 2023இல் வெளியான ட்ரயலில் 99 பேர். யாருக்கு உண்மைச் சிகிச்சை, யாருக்குச் சத்தம் மட்டும் என்று நோயாளிக்கும் தெரியாது, அளந்தவருக்கும் தெரியாது. இரண்டு குழுவையும் பிறகு மாற்றியும் பார்த்தார்கள். உண்மைச் சிகிச்சையில்தான் கூடக் குறைந்தது. ஆனால் தாடையை இறுக்கினாலோ கழுத்தைத் திருப்பினாலோ சத்தம் மாறுகிறவர்களைத்தான் எடுத்தார்கள், கேட்கும் திறன் மிகவும் குறைந்தவர்களை எடுக்கவில்லை. இருபது வருஷம் ஆலைச் சத்தத்தில் நின்ற காதை அந்த மாதிரி ட்ரயல் ஏற்குமா என்பதே என் கவலை.

எந்த ட்ரயலிலாவது சேரப் பணம் கேட்டால் போக வேண்டாம். இலங்கையில் நடப்பது என்று யாராவது சொன்னால், இலங்கை மருத்துவச் சங்கம் 2006இல் தொடங்கிய ட்ரயல் பதிவேட்டில் அது இருக்கிறதா என்று மகனைப் பார்க்கச் சொல்லுங்கள்.

‘பழகிக்கொள்ளுங்கள்’ என்று மட்டும் சொல்லி அனுப்பியதுதான் எனக்குக் கோபம். எப்படிப் பழகுவது என்று சொல்லியிருக்க வேண்டும். முதலில் காது கேட்கும் பரிசோதனை செய்யுங்கள். குறைபாடு இருந்தால் கேட்கும் கருவி போட்ட பிறகு பலருக்கு இரைச்சல் பின்னுக்குப் போகிறது. சிந்தனை நடத்தைச் சிகிச்சை, அதாவது பேசிப் பழகி எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றும் முறை, சத்தத்தைக் குறைக்காது, அது தரும் துன்பத்தைக் குறைக்கிறது. 28 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2020ஆம் ஆண்டுத் தொகுப்பு அப்படித்தான் சொல்கிறது. இரவில் ஃபேனோ மெல்லிய ரேடியோவோ ஓடட்டும். ஒரு காதில் மட்டும் கூடினால், நாடித்துடிப்போடு சேர்ந்து அடித்தால், திடீரென்று கேட்காமல் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

லண்டனுக்கு மகனைப் பார்க்கப் போவதென்றால் சந்தோஷமாகப் போய்வாருங்கள். அதற்கு முன் பரிசோதனைத் தாளை எடுத்துவிட்டு, தாடையை இறுக்கும்போது சத்தம் மாறுகிறதா என்பதையும் பார்த்து எனக்கு எழுதுங்கள்.