அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் வீரர்கள் நிஜமாகவே மக்குகளா, இல்லை ஊடகம் அப்படிக் காட்டுகிறதா?

மக்குகள் இல்லை. நிறைய பேருக்கு மதிப்பெண் குறைவு என்பது உண்மைதான். ஆனால் மதிப்பெண்ணைக் காட்டி மூளையை எடை போடுகிறார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது.

நீங்கள் இப்போதுதான் மாஸ்டர்ஸ் சேர்ந்து, பேராசிரியருக்கு உதவியாகத் தாள் திருத்துகிற டிஏ வேலை கிடைத்து, திருத்துகிற தாள்களில் இரண்டு மூன்று ஃபுட்பால் பையன்களுடையது வந்திருக்கும் என்று நினைக்கிறேன். இந்தக் கேள்வி பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும். நான் தென் மாநிலம் ஒன்றின் பெரிய அரசுப் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் படித்தபோது, விளையாட்டு வீரர்களுக்கென்றே இருந்த படிப்பு மையத்தில் ட்யூட்டராக வேலை பார்த்தேன். என்னிடம் வந்தவர்களில் பெரும்பாலானோர் ஹெல்மெட் போட்டு ஆடும் இந்த அமெரிக்க ஃபுட்பால் பையன்கள்தான்.

அதில் ஒரு பையன் சென்டர். ஆட்டத்தை நடத்துகிற குவார்ட்டர்பேக்கிடம் பந்தைக் கொடுத்துவிட்டு எதிராளியைத் தடுத்து நிறுத்துகிற இடம் அது. 140 கிலோ இருப்பான். புள்ளியியல் அறிமுக வகுப்பை எடுத்த ஆசிரியர் எங்கள் மையத்துக்கு அனுப்பிய அறிக்கையில், "கடைசி வரிசையில் தனியாகப் போய் உட்கார்கிறான், ஆர்வம் இல்லை" என்று எழுதியிருந்தார். அவனிடமே கேட்டேன். "மேம், அந்த நாற்காலியில் நான் அடங்க மாட்டேன். எழுதுற பலகையை இழுத்தால் வயிற்றில் இடிக்கிறது" என்றான். அந்த வகுப்பறையில் எல்லாமே தரையோடு பொருத்திய, பக்கவாட்டில் பலகை மடக்கிய நாற்காலிகள். பின்னால் மட்டும்தான் ஒரு தனி மேசையும் நாற்காலியும். ஒரு செமஸ்டர் முழுக்க அவனைப் பார்த்த மனிதருக்கு இது தெரியவில்லை.

பாடத்துக்கு வருகிறேன். முழங்காலில் ஐஸ் பையை பிளாஸ்டிக் தாளால் சுற்றிக் கட்டிக்கொண்டுதான் வருவான். தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும், கீழே ஒரு துண்டைப் போட்டுக்கொள்வான். சூத்திரம் என்ன என்று அவன் என்னிடம் கேட்டதே இல்லை. "இதில் முதலில் எதைப் பார்க்கணும்? எதை விட்டுடலாம்?" என்றுதான் கேட்பான். சென்டருக்கு அதுதான் வேலை. எதிரணி எப்படி நிற்கிறது, யார் பாய்ந்து வரப்போகிறான் என்று சில விநாடிகளில் பார்த்து, பக்கத்தில் இருக்கிற நாலு பேருக்கும் கத்திச் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் பின்னால் நிற்கிற குவார்ட்டர்பேக் அடி வாங்குவான். அதே கண்ணோடுதான் அவன் வரைபடத்தையும் பார்த்தான். புள்ளிகளுக்கு நடுவே கோடு பொருத்துகிற ரிக்ரெஷன் பயிற்சியில் ஒரே ஒரு புள்ளி மொத்தக் கோட்டையும் இழுக்கிறது என்று நான் சொல்வதற்கு முன்பே காட்டினான். அதை எழுதிக் கொடுத்து வகுப்பிலேயே மேல்வரிசை மதிப்பெண் வாங்கினான்.

அடுத்த வாரம் அந்த வகுப்பின் தரப்பிலிருந்து எனக்கு மின்னஞ்சல் வந்தது, இதை நீங்கள் எழுதிக் கொடுத்தீர்களா என்று. எங்கள் மையத்தில் ட்யூட்டர்கள் மாணவர் தாளில் பென்சில் கூட வைக்கக் கூடாது. அவ்வளவு கண்டிப்பான விதி. அப்படியும் அவனை அறைக்கு அழைத்து, கணக்கை வெள்ளைப்பலகையில் போடச் சொன்னார்கள். போட்டான். "குட்" என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான். அவனுக்கு அதில் ஆச்சரியமே இல்லை. "ஹைஸ்கூலிலிருந்தே இப்படித்தான் மேம்" என்று அடுத்த பாடத்தை எடுத்தான். நான்தான் அன்றிரவு தூங்கவில்லை.

அந்தப் பையன் முதலில் இன்ஜினீயரிங் படிக்கத்தான் ஆசைப்பட்டான். லேப் எல்லாம் மதியம், பயிற்சியும் மதியம். எது போகும் என்று உங்களுக்கே தெரியும். இது ஒருவன் கதை இல்லை. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகக் குவார்ட்டர்பேக் கெய்ன் கோல்ட்டர், டாக்டராக நினைத்து வேதியியல் வகுப்பு எடுக்க முடியாமல் அதைக் கைவிட்டதை 2014-இல் தொழிலாளர் உறவு வாரிய விசாரணையில் சொன்னார். ஆட்டக் காலத்தில் அந்த வீரர்கள் வாரம் 40 முதல் 50 மணி நேரம் ஃபுட்பாலுக்கே செலவிடுகிறார்கள் என்று வாரியத்தின் மண்டல இயக்குநர் தன் தீர்ப்பில் எழுதினார். கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கிற என்சிஏஏ அமைப்பின் விதிப்படி வாரம் 20 மணி நேரம்தான். ஆனால் பயணம் கணக்கில் வராது, காயத்துக்கான சிகிச்சை கணக்கில் வராது. போட்டி நாள் முழுசும் போனாலும் 3 மணி நேரம் என்றுதான் எழுதுவார்கள். (எஃப்-1 என்கிற மாணவர் விசாவில் இருந்த எனக்கும் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்ய அனுமதி. என் 20-இல் கால் மணி நேரம் கூடினாலும் அலுவலகத்திலிருந்து போன் வரும்.)

இன்னொன்றும் வெளியில் தெரியாது. இரண்டாம் ஆண்டு முடிவில் பட்டத்துக்கான பாடங்களில் 40 சதவீதம், மூன்றாம் ஆண்டில் 60, நான்காம் ஆண்டில் 80 முடித்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஆட முடியாது. கேட்க நல்ல விதிதான். ஆனால் நடுவில் பிடித்த துறைக்கு மாறினால் பழைய பாடங்கள் கணக்கில் சேராமல் சதவீதம் விழுந்துவிடும். அதனால் முதல் வருஷம் ஆலோசகர் எதில் தள்ளினாரோ அதிலேயே கிடக்கிறார்கள். டிவியில் பெயருக்குக் கீழே 'ஜெனரல் ஸ்டடீஸ்', அதாவது தனித் துறை இல்லாத பொதுப் படிப்பு, என்று வந்ததும் வீட்டில் உட்கார்ந்து சிரிக்கிறோம்.

எனக்கு ஏன் இவ்வளவு உறைக்கிறது என்றால், என் அண்ணன் வாலிபால் ஆடுகிறவன். மாநில அளவில் ஆடி, விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி சேர்ந்து, அதே ஒதுக்கீட்டில் வேலைக்கும் போனான். வேலைக்குப் போன பிறகு துறைத் தேர்வை அவன் எல்லோரையும் போல உட்கார்ந்து எழுதித்தான் பாஸ் பண்ணினான். ஆனாலும் எந்தக் கல்யாண வீட்டில் பார்த்தாலும் "பந்து தட்டியே வேலை வாங்கிட்டான்" என்று ஒருத்தர் சொல்வார். பெண் பார்க்கப் போன ஓர் இடத்தில், "ஸ்போர்ட்ஸ் கோட்டாவா?" என்று கேட்டுவிட்டு அப்புறம் பேச்சையே மாற்றிவிட்டார்கள். அந்த அம்மாவின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. சரி, அது வேறு கதை.

ஊடக விஷயம். அவர்களிடம் இரண்டே கதைதான்: ஒன்று மக்கு, இல்லையென்றால் அதிசயப் பிறவி. ஒஹையோ ஸ்டேட்டின் கார்டேல் ஜோன்ஸ் 2012-இல், ஃபுட்பால் ஆட வந்தோம், வகுப்புக்கு எதற்குப் போக வேண்டும் என்று ட்விட்டரில் எழுதியதைப் போடாத செய்தி இல்லை. தொழில்முறை ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல் போன பிறகும் படிப்பைத் தொடர்ந்து 2017-இல் அவர் பட்டம் வாங்கியது எத்தனை பேருக்குத் தெரியும்? அந்தப் பக்கம் ஜான் அர்ஷெல். என்எஃப்எல் ஆடிக்கொண்டே 2015-இல் கணித ஆய்வுக் கட்டுரை வெளியிட்டவர், பிறகு எம்ஐடியில் முனைவர் பட்டம் வாங்கி இப்போது அங்கேயே பேராசிரியர். மைரன் ரோல் ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டு போனார், பின்னால் நரம்பியல் அறுவை மருத்துவர் ஆனார். அவர் படிக்கப் போனதற்காகப் பெருமைப்பட வேண்டிய அணிக்காரர்கள், என்எஃப்எல் அணிகள் புது வீரர்களை எடுக்கிற டிராஃப்டுக்கு முந்தைய நேர்காணலில், சக வீரர்களை விட்டுவிட்டுப் போனது எப்படி இருந்தது என்று அவரைக் கேட்டார்கள். இவர்களைப் பற்றி எழுதும்போதெல்லாம் "ஃபுட்பால் வீரரா இப்படி!" என்ற வியப்பு முதல் வரியிலேயே இருக்கும். எனக்கு அதுவும் அவமானமாகத்தான் படுகிறது. என்எஃப்எல் கூட 12 நிமிடத்தில் 50 கேள்வி என்று ஒரு அறிவுத்தேர்வு வைத்து, அதில் குறைந்த மதிப்பெண் கசிந்தால் பையன் பெயரை நாறடிக்கவிட்டு, 2022-இல்தான் அதை நிறுத்தியது.

இப்போது சிலர் கீழே கருத்துகளில் நார்த் கரோலைனா பல்கலைக்கழகத்தைப் பற்றி எழுதுவார்கள். தெரியும். வகுப்பே நடக்காத போலிப் பாடங்கள், 18 வருஷம், 3,100 பேருக்கு மேல், அதில் கிட்டத்தட்ட பாதி விளையாட்டு வீரர்கள், 2014 விசாரணை அறிக்கையில் எல்லாம் இருக்கிறது. ஆனால் அந்தப் பாடங்களை உருவாக்கி மதிப்பெண் போட்டது சம்பளம் வாங்கிய பெரியவர்கள். 18 வயதுப் பையனை அந்த வகுப்பில் உட்காரவைத்துவிட்டு அவனையே மக்கு என்பது என்ன நியாயம்? எல்லோரும் மேதை என்றும் நான் சொல்லவில்லை. புத்தகத்தைத் தொடாதவர்களும் என்னிடம் வந்திருக்கிறார்கள், என் சொந்தத் துறையிலும் அப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள்.

டிஏ என்று நான் ஊகித்தது சரியென்றால் ஒன்று செய்யுங்கள். மாணவர்கள் சந்தேகம் கேட்க வருகிற உங்கள் ஆபீஸ் ஹவர்ஸ் மதியம் மூன்று மணிக்கு இருந்தால் அவர்களால் வரவே முடியாது, இரவு எட்டுக்கு மேல் ஆன்லைனில் அரை மணி நேரம் வையுங்கள். வெளியூர் ஆட்டத்துக்கு வெள்ளிக்கிழமையே கிளம்புவார்கள், அதற்கான கடிதம் செமஸ்டர் தொடக்கத்தில் கொடுப்பார்கள், தொலைக்காமல் வையுங்கள். வகுப்பில் பெரிய பையன் யாராவது கடைசியில் உட்கார்ந்திருந்தால், முதலில் நாற்காலியைப் பாருங்கள்.